நாயகத்தின் தமிழ்

கோமதிநாயகம் போலிஷ் மொழியில் பட்டம் படிக்கப் போனதற்குப் போலந்து மீது இருந்த காதல்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவன் பள்ளியிறுதியில் வாங்கிய மதிப்பெண்ணுக்குப் பொருநைப் பல்கலைக்கழகத்தில் இரண்டே துறைகள்தான் கதவைத் திறந்து வைத்திருந்தன. ஒன்று பட்டுப்புழு வளர்ப்பு, மற்றது போலிஷ். புழுவைக் கண்டால் அவனுக்குக் குலை நடுங்கும். போலந்துக்காரர்களை அவன் அதுவரை பார்த்ததில்லை. அதனால் போலிஷ்.

"பாலிஷா? பாலிஷ் போட எதுக்குல மூணு வருசம்?" என்றார் தாய்மாமா.

"செருப்புக்குன்னா சீக்கிரம் முடிஞ்சிரும் மாமா. எனக்கு மூளைக்கில்லா போடணும்" என்றான் நாயகம்.

துறையின் பெயர்ப்பலகை இன்னும் மோசம். சுத்தத் தமிழில் 'போலிய மொழித் துறை' என்று எழுதி மாட்டியிருந்தார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன படிப்பு என்று கேட்டால், அவர் சிரிப்பதற்குள் இவனே முந்திக்கொண்டு, "போலிப் பட்டம் அண்ணாச்சி, ஆனா ஒரிஜினல் யுனிவர்சிட்டி" என்று சொல்லிவிடுவான்.

இந்த முந்திக்கொள்கிற வித்தை அவனுக்கு எட்டாம் வகுப்பில் கைவந்தது. பேச்சுப்போட்டி மேடையில் மூன்றாவது வரியோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. கீழே சிரிப்பு கிளம்புவதற்கு ஒரு நொடி முன்பு, "உள்ள சரக்கு அம்புட்டுதான், தப்பா நெனைக்காதிய" என்று சொல்லிக் கும்பிட்டான். பரிசு வாங்கியவனுக்குக்கூட அவ்வளவு கைத்தட்டல் விழவில்லை. அன்றிலிருந்து அவன் வாயில் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை "எனக்கென்ன தெரியும் போங்க" வந்தது. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போதே "நான் ஒரு வெறும்பய" என்று தொடங்கினான். எல்லோருக்கும் அவனைப் பிடித்தது. யாரும் அவனிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அது ஒரு சுகமான வாழ்க்கை.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு மொழிப் படிப்புக்குத் திடீரென்று மறுபடி உயிர் வந்திருந்தது. நடுவில் சில வருடங்கள் கைபேசியே எல்லா மொழியையும் பெயர்த்துத் தள்ளியதில் மொழித்துறைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. பிறகு எங்கோ ஓர் அறுவைசிகிச்சைக் கூடத்தில் கருவி 'வலது' என்பதை 'சரி' என்று பெயர்த்து, ஒரு நோயாளியின் நல்ல சிறுநீரகம் போய்விட்டது. மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர் யாராக இருந்தாலும் அயல்நாட்டில் வேலை பார்ப்பதென்றால் அந்த நாட்டு மொழியைச் சொந்த வாயால்தான் பேச வேண்டும் என்று சட்டம் வந்தது. மொழிப் பதியமும் கூடவே வந்தது.

அதைப் பற்றி அவனுக்கு விளக்கியவர் பதியக்கூடத்தின் தலைவி டாக்டர் ஜெபராணி. பாளையங்கோட்டைக்காரர். விஞ்ஞானத்தைச் சமையல்குறிப்பு மாதிரி பேசுவார்.

"மல்லிச் செடிக்குப் பதியம் போடுதோம்லா. கிளைய வளைச்சு மண்ணுக்குள்ள அமுக்குனா வேர் விடும். இதுவும் அதேதான். ஒரு ஆளு பேசுற மொழி அவரு மூளையில கிளை கிளையா பரவிக் கெடக்கு. அத அப்படியே வார்ப்பு எடுத்து ஒன் மண்டையில ஊனிருவோம். ஒரு மாசம் நல்லாத் தூங்கு. வேர் புடிச்சிரும்."

"வகுப்புல எல்லாத்துக்கும் ஒரே ஆளோட மொழிதானா மேடம்?"

"ஒரே ஆளுதான். அவங்களுக்குப் பேரு தாய்ச்செடி. ரெண்டு மூணு பேர கலந்து ஊனுனா மண்டைக்குள்ள சண்டை வந்துரும்."

"என் மண்டையில எடம் நெறையக் கெடக்கு மேடம். குடும்பத்தோட வந்தாலும் தாங்கும்."

அவனுக்கு ஊன்றப்பட்ட போலிஷ், யாத்விகா என்ற டிராம் ஓட்டுநருடையது. அந்த அம்மாள் வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தோடு பேசியவள். அதனால் நாயகம் போலிஷில் வாயைத் திறந்தால் வேறு ஆளாகிவிடுவான். வாக்கியம் கட்டையாக வரும். குரல் அடிவயிற்றிலிருந்து எழும்பும். ஒருமுறை விருந்தினராக வந்த போலந்துப் பேராசிரியரைப் பார்த்து, "வாசலை மறிக்காதீர்கள். உள்ளே நகருங்கள்" என்று போலிஷில் அதட்டிவிட்டு, தமிழுக்குத் திரும்பியதும் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு விடுதிவரை பின்னாலேயே ஓடினான்.

அவனே தாய்ச்செடியானது ஒரு விபத்து.

போலந்திலிருந்து ஒரு குழு தமிழ் வார்ப்பு எடுக்க வந்திருந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழை முதன்மைப் பாடமாகவும் துணைப் பாடமாகவும் வைக்கப் போகிறார்கள். வார்ப்பு கொடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர் சங்க இலக்கியத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய பெரிய பேச்சாளர். கருவிக்குள் தலையை வைத்த பிறகுதான், சிறுவயதில் மாமரத்திலிருந்து விழுந்து மண்டையில் உலோகத் தகடு வைத்திருக்கும் விஷயத்தைச் சொன்னார். கருவி அலறியது. குழுவுக்கு மறுநாள் விமானம். ஜெபராணி சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த நாயகம் கண்ணில் பட்டான்.

"இங்க வால. ஒன் தலையில ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமே கெடையாது மேடம். யாரை வேணா கேட்டுப் பாருங்க."

படுக்க வைத்துப் பார்த்தார்கள். திரையில் அவன் தமிழ் கிளை கிளையாகச் சுத்தமாகத் தெரிந்தது. போலந்துக்காரர்கள் கைகொட்டினார்கள். அன்று மாலை வீட்டுக்குப் போய், "அம்மா, என் தமிழு பாரின் போகுது" என்றான் நாயகம். "நீ எப்பப் போவ?" என்றாள் அம்மா.

அதோடு அவன் அதை மறந்துபோனான். பட்டம் வாங்கினான். வேறெங்கும் வேலை கிடைக்காததால், துறையிலேயே உதவியாளனாக ஒட்டிக்கொண்டான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் ஜெபராணி அவனைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில், முழங்கால்வரை சேறு அப்பிய உயரமான ஒரு பெண் நின்றிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வாண்டா. போலந்துல நீர்நிலைப் பொறியியல் மெயின், தமிழ் துணைப் பாடம். நம்ம செங்கால்குளத்துக் கரைய ஆய்வு செய்ய வந்திருக்கு. ஒன் தமிழ ஊனுன பன்னெண்டு பேருல ஒண்ணு. ஒன் பதியந்தான் நாயகம்" என்றார் ஜெபராணி.

அந்தப் பெண் அவனை உற்றுப் பார்த்தாள். கண்ணில் கொலைவெறி இருந்தது. வாயைத் திறந்தாள்.

"அதாவது வந்து அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. ஒங்களத் திட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன். எனக்கென்ன தெரியும் போங்க, நான் ஒரு வெறும்பய..."

நாயகத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் குரலைப் பதிவு செய்து கேட்டால் எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். தன் குணத்தை யாரோ பதிவு செய்து, பச்சைக் கண் வைத்து, எதிரே நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதிலும் 'வெறும்பய'! அதைப் பெண்பாலுக்கு மாற்றக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. தாய்ச்செடி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை அல்லவா.

வாண்டா பல்லைக் கடித்துக்கொண்டு போலிஷுக்குத் தாவினாள்.

"என்ன மனிதன் நீ? நான் என் ஊரில் வாதப்போட்டியில் கோப்பை வாங்கியவள். உன் தமிழில் வாயைத் திறந்தால் எனக்கு முதுகு வளைகிறது. நேற்றுக் கூட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா?"

"கத்தாதே. வரிசையாகச் சொல்" என்றான் நாயகம், யாத்விகாவின் போலிஷில்.

அவள் சொன்னாள். செங்கால்குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் மறுகாலில் பாய்கிறது. கரையின் வெளிப்பக்கம், பழைய மடைக்குக் கீழே, நீர் கசிகிறது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை, எந்தக் கரையிலும் கசியும். இது கலங்கி வருகிறது. கரைக்குள்ளிருக்கும் மண்ணைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வெளியேறுகிறது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டாள். அது அங்கே யாருடைய மேசையிலோ இருக்கிறது. நேற்று ஊர் நீர்க்குழுக் கூட்டத்தில் குழுத்தலைவர் ஆவுடையப்பன் அவளையே நேராகக் கேட்டிருக்கிறார்: "ஏம்மா, கரைக்கு ஆபத்து உண்டா, இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லு."

"நீ என்ன சொன்னாய்?"

வாண்டா கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொல்லிக் காட்டினாள். "ஒடைஞ்சாலும் ஒடையும் அண்ணாச்சி, ஒடையாமலும் இருக்கும். பெரியவங்க நீங்க பாக்காததா. நான் சும்மா சொல்லுதேன்."

"எல்லாரும் சிரித்தார்கள். தங்கமான பிள்ளை என்றார் அந்த ஆள். எனக்கு அதிரசம் கொடுத்தார்கள். நான் அழுதுகொண்டே தின்றேன்" என்று போலிஷில் முடித்தாள்.

ஜெபராணிக்குப் போலிஷ் தெரியாது. நாயகம் தமிழில் பெயர்த்துச் சொன்னான். "அதாவது மேடம், கரை கொஞ்சம் ஒரு மாதிரி இருக்காம். நமக்கென்ன தெரியும், இருந்தாலும்..."

"நிறுத்துல" என்றார் ஜெபராணி. அவர் முகம் வெளிறியிருந்தது. "சொல் மட்டுந்தான் வேர் புடிக்கும்னு நெனைச்சிட்டிருந்தோம். பேசுற ஆளு குனியிற குனிவும் சேர்ந்தா வரும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டவர், தொலைபேசியை எடுத்தார். "நான் கலெக்டர் ஆபீசப் புடிக்கேன். நீங்க ரெண்டு பேரும் கார எடுத்துட்டு ஊருக்குப் போங்க. அந்த ஆவுடையப்பன் கிட்ட நீ பேசு நாயகம்."

"நானா?"

"வேற யாரு? ஒன் தமிழுதான அங்க ஊரக் கெடுத்து வச்சிருக்கு."

போகும் வழியில் நாயகம் ஆவுடையப்பனைக் கைபேசியில் பிடித்தான். "அண்ணாச்சி, யுனிவர்சிட்டியிலேந்து பேசுதேன். பெரிய ஆளெல்லாம் கெடையாது, ஒட்டுப்புல்லு. கரை விசயமா..." மறுமுனையில் ஆவுடையப்பன் மகிழ்ச்சியோடு, "வாங்க தம்பி வாங்க, குளம் பெருகிக் கெடக்கு, பாக்கக் கண்கோடி வேணும். மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு" என்றார். நாயகம் நன்றி சொல்லி வைத்துவிட்டான். வண்டியோட்டிக்கொண்டிருந்த வாண்டா வேகத்தைக் கூட்டினாள். அவளுக்குத் தெரியும். அவள் தலைக்குள்ளும் அதே தமிழ்தானே இருக்கிறது.

செங்கால்குளத்தில் திருவிழா மாதிரி கூட்டம். கரைமேல் குடையோடு நின்று மறுகால் பாய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு நிரம்பிய குளம். கரைக்குக் கீழே, பள்ளத்தில், கரையடித் தெரு. இரண்டு வரிசை வீடுகள். வாசல்களில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவின் கடைசி வீட்டுக்குப் பின்னால்தான் பழைய மடை.

வாண்டா நேராக அங்கே போய்க் குனிந்து பார்த்தாள். நேற்று விரல் பருமனில் வந்த கசிவு இன்று மணிக்கட்டுப் பருமனுக்கு வந்திருந்தது. செம்மண் கரைசல். பார்க்கக் கருப்பட்டிக் காப்பி மாதிரி இருந்தது. அவள் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

"இன்றே. ஒருவேளை சாயங்காலத்துக்குள்" என்றாள் போலிஷில். "இவர்களை எழுப்பு."

நாயகம் தெரு நடுவில் போய் நின்றான். தொண்டையைச் செருமினான்.

"அக்காமாரே, ஒரு நிமிசம். நான் யாருன்னு கேட்டா ஒண்ணுங் கெடையாது, பேருல மட்டுந்தான் நாயகம்..." இரண்டு பெண்கள் சிரித்தார்கள். "இந்தக் கரை கொஞ்சம் சொகமில்லாம இருக்குன்னு இந்தப் பிள்ள சொல்லுது. எனக்கென்ன தெரியும் போங்க. முடிஞ்சா, ஒங்களுக்குச் சோலி ஒண்ணும் இல்லைன்னா, கொஞ்சம் கோயில் மேடு வரைக்கும்..."

"சோலி இல்லாம இருக்கமா நாங்க?" என்றாள் முதல் வீட்டு இசக்கியம்மாள். ஐம்பது வயதிருக்கும். கை பீடி சுற்றுவதை நிறுத்தவில்லை. "நீரு போய் ஆவுடையப்பண்ணன் வீட்டுல சாப்பிட்டுட்டுப் போம். நல்ல பிள்ளையா இருக்கீரு."

வாண்டா அவன் பக்கத்தில் வந்து நின்று தன்னால் ஆனதைச் செய்தாள். "ஆமா அக்கா, நாங்க ரெண்டு வெறும்பயலுவ" என்றாள். தெருவே சிரித்தது.

அந்த நேரத்தில் நாயகத்துக்குத் தன்மேல் வந்த வெறுப்பைச் சொல்லி மாளாது. இவ்வளவு நாளும் அவன் தன்னைக் கேலி செய்துகொண்டதெல்லாம் அடக்கம் என்று நினைத்திருந்தான். அடக்கம் என்றால், ஒரு தெருவே நீரில் போகப்போகிற நேரத்திலாவது கொஞ்சம் ஒதுங்கி நிற்கத் தெரிய வேண்டாமா? இது, எது நடந்தாலும் என்னை ஒன்றும் கேட்காதீர்கள் என்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்ட விடுமுறை. இப்போது அந்த விடுமுறையைப் பன்னிரண்டு போலந்துக்காரர்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

வாண்டா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "காலையில் என்னிடம் எப்படிப் பேசினாய்? கத்தாதே, வரிசையாகச் சொல் என்றாயே. அதையே இவர்களிடம் சொல்."

"அது போலிஷ். தமிழில் எனக்கு அது வராது."

"அப்படியானால் உனக்குத் தமிழ் தெரியாது. நீ வெளிநாட்டுக்காரன். முதல் பருவம் படிக்கிறாய். புத்தகத்திலிருந்து பத்து வினைச்சொல் மனப்பாடம் செய்திருக்கிறாய். அந்தப் பத்தை வைத்துச் சொல்."

அவன் கண்ணை மூடினான். போலிஷில் நினைத்தான். கதவை மூடுவதற்கு முன் கூட்டத்தைப் பார்த்து யாத்விகா என்ன சொல்வாள்? அது வந்தது. அதை ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி, அகராதியைப் புரட்டுகிறவனைப் போல, தமிழில் வைத்தான்.

"எழுந்திருங்கள்."

குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. சிரிப்பு நின்றது.

"கரை உடையும். இன்று உடையும். முறத்தைக் கீழே வையுங்கள். குழந்தைகளைத் தூக்குங்கள். கோயில் மேட்டுக்கு நடங்கள். கதவைப் பூட்டாதீர்கள். நடங்கள்."

திருநெல்வேலியில் பிறந்தவன் எவனும் அப்படித் தமிழ் பேச மாட்டான். அதில் அண்ணாச்சி இல்லை, அக்கா இல்லை, சுற்றி வளைத்தல் இல்லை, மரியாதைக்கு ஒரு 'கொஞ்சம்' கூட இல்லை.

"ஏ யாத்தே, ரயில்வே ஸ்டேஷன் மைக்கு மாதிரி பேசுதான்" என்றாள் இசக்கியம்மாள். ஆனால் முறம் அவள் மடியிலிருந்து இறங்கிவிட்டது. ரயில் நிலைய ஒலிபெருக்கி சொன்னால் யாரும் தர்க்கம் பண்ணுவதில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் செய்வார்கள்.

கூச்சல் கேட்டுக் கரைமேலிருந்து ஆவுடையப்பன் இறங்கி வந்தார். "என்ன தம்பி இது? நேத்து இந்தப் பிள்ளையே ஒண்ணுமில்லைங்கிற மாதிரி சொல்லுச்சே. எதுக்கு ஊரப் பயங்காட்டுதிய?"

நாயகத்துக்கு நாக்கின் நுனிவரை 'தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி' வந்துவிட்டது. விழுங்கினான்.

"நேற்று தவறு. இன்று சொல்கிறேன். அங்கே போய்ப் பாருங்கள். பிறகு பேசுங்கள்."

ஆவுடையப்பனிடம் அவர் வயதுக்கு யாரும் அப்படிப் பேசியதில்லை. கோபத்தோடு மடைப்பக்கம் போனார். போனவர் கசிவில் கையை வைத்துப் பார்த்தார். மண் விரலிடுக்கில் வழிந்தது. அவரும் குளத்தோடு வாழ்ந்தவர்தான். மெல்லிய குரலில் யாராவது சொல்லியிருந்தால்கூட அவருக்கு விளங்கியிருக்கும். சொன்னவர்கள் பார்க்க வேண்டாம் என்றல்லவா சேர்த்துச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது அவர் குடை கையில் இல்லை. நடக்க முடியாத ஒரு முதியவரை முதுகில் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடியது அவர்தான்.

வாண்டா ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்து, பேசாமல், கையைப் பிடித்து இழுத்து வந்தாள். தமிழைப் பயன்படுத்தாமல் இருப்பதே அவளுக்குப் பலமாக இருந்தது. ஜெபராணி விரட்டிய விரட்டில் தீயணைப்பு வண்டி ஒன்று ஊருக்குள் நுழைந்தபோது தெருவிலும் கரைமேலும் ஆள் இல்லை.

சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன் கரை உடைந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. பழைய மடை இருந்த இடம் முதலில் உள்வாங்கியது, பிறகு கரையின் ஒரு பாகம் அப்படியே சரிந்து தண்ணீரோடு நடந்து போனது. கரையடித் தெருவின் ஒரு வரிசை வீடுகள் இருந்த சுவடே தெரியவில்லை. மேட்டில் நின்றவர்கள் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் இருந்தார்கள்.

இசக்கியம்மாள் அழவில்லை. வாண்டாவிடம் வந்து நின்றாள்.

"பின்னால கொட்டாயில எட்டு ஆடு கட்டிக் கெடந்துச்சு, எல்லாம் போச்சு. நேத்தே இப்படிச் சொல்லியிருந்தீன்னா அவுத்தாவது விட்டிருப்பேனே பிள்ள. ஏன் சொல்லல?"

வாண்டாவின் உதடு அசைந்தது. அவள் என்ன சொல்ல நினைத்தாளோ, வந்தது இதுதான்: "தப்பா நெனைக்காதிய அக்கா."

இசக்கியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாண்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டதை நாயகம் பார்த்தான். நாள் முழுக்க நடந்தவற்றில் அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பிறகு விசாரணை வந்தது. போலந்தில் இருந்த மற்ற மாணவர்களையும் சோதித்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அதே கதை. ஒருவன் தமிழில் நடந்த வேலை நேர்காணலில் "என்னையெல்லாம் எடுத்து என்ன செய்யப் போறிய" என்று கேட்டிருக்கிறான். வாண்டா முதல் ஆளாகத் தன் பதியத்தைக் களையெடுத்துக்கொண்டாள். மூன்று நாள் தலைவலியோடு போய்விட்டதாம். எழுத்து, சொல், வேற்றுமை உருபு என்று புத்தகத்திலிருந்து தமிழை மறுபடி தொடங்கியிருக்கிறாள். இசக்கியம்மாள் புதுவீடு கட்டியபோது வந்திருந்தாள். வாசலில் நின்று, "என் தவறு. உங்களிடம் நான் தெளிவாகச் சொல்லவில்லை" என்றாள், ஒவ்வொரு சொல்லாக. இசக்கியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, உள்ள வா" என்றாள்.

மூல வார்ப்பையே அழித்துவிடுவது என்று இரண்டு பல்கலைக்கழகங்களும் முடிவு செய்தன. வார்ப்பு போனால், அதிலிருந்து எடுத்த பதியங்கள் எல்லாத் தலைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாடிவிடும். ஆனால் தாய்ச்செடி வாய்திறந்து சம்மதம் சொல்ல வேண்டும், அதுதான் விதி.

"எப்ப அழிக்கிய மேடம்? நானே வந்து மிதிக்கேன்" என்றான் நாயகம்.

"நாளைக்கு வா" என்றார் ஜெபராணி.

அன்று மாலை அவனுக்குப் போலந்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. திரையில் தாடி வைத்த ஓர் இளைஞன். அகன்ற தோள். பின்னால் சன்னலில் பனி.

"அண்ணாச்சி, வணக்கம். நான் தோமாஷ். சட்டம் படிக்கேன், தமிழு துணைப் பாடம். ஒங்கள மாதிரிப் பெரியவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நாலு நாளா ரோசிச்சேன்."

"நான் பெரியவனெல்லாம் இல்ல. சொல்லுங்க."

"வார்ப்ப அழிக்கப் போறாவளாமே. வேண்டாம்னு சொல்லுவியளா? எனக்கு மட்டும் இது வேணும்."

நாயகம் திகைத்தான். "இதையா? இது நல்ல சாதித் தமிழு இல்ல தம்பி. கொஞ்சம் பொறுங்க, வேற நல்ல ஆளு தமிழு தருவாங்க. நிமிந்து பேசலாம்."

"நிமிந்து பேச எனக்குப் போலிஷ் இருக்கு அண்ணாச்சி" என்றான் தோமாஷ். "எங்கப்பாவும் வக்கீலு. எனக்கும் அவருக்கும் ஆறு வருசமாப் பேச்சு கெடையாது. சண்டையில நான்தான் ஜெயிச்சேன். நான் சொன்னதுதான் நியாயமும். போன பங்குனியில அவருக்குப் பக்கவாதம் வந்து ஆசுபத்திரியில கெடந்தாரு. பாக்கப் போனேன். போலிஷ்ல வாயத் தொறந்தா என்ன வருது தெரியுமா? வாதம் வருது. மன்னிப்புக் கேக்கப் போனவன் மூணாவது வரியில மறுபடி ஜெயிச்சிட்டேன். அவரு சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

அவன் தாடியைத் தடவிக்கொண்டான்.

"மறுநாளு என்ன தோணுச்சோ, தமிழ்ல பேசுனேன். அப்பா, நான் ஒரு வெறும்பய, எனக்கென்ன தெரியும், தப்பா நெனைக்காதியன்னேன். அவருக்கு ஒரு எழுத்து வெளங்கல அண்ணாச்சி. என்ன பாசைன்னுகூடக் கேக்கல. ஆனா திரும்பிப் பாத்தாரு. என் கையப் புடிச்சாரு. அவரு கண்ண மூடுற வரைக்கும் தெனம் போயி ஒரு மணிநேரம் தமிழ்லதான் பேசுவேன். மழை பெய்யுது, சாப்பிட்டேன், எல்லாம். போலிஷ்ல ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா கெடுத்திருப்பேன்."

நாயகம் திரைக்கு இன்னும் கிட்ட நகர்ந்தான்.

"இது போயிட்டா, அவருகிட்டப் பேசுன பேச்சும் எனக்கு வெளங்காமப் போயிரும். நெனைச்சுப் பாத்தா சத்தம் மட்டுந்தான் இருக்கும். அதான்." தோமாஷ் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடும் நாயகத்துடையதுதான்.

மறுநாள் பதியக்கூடத்தில் ஜெபராணி தயாராக இருந்தார். வார்ப்பு ஒரு தட்டையான பெட்டிக்குள் மேசைமேல் கிடந்தது. பார்க்க டிபன் பாக்ஸ் மாதிரிதான் இருந்தது.

"சம்மதம்னு சொல்லு. பதிவாகிக்கிட்டு இருக்கு" என்றார்.

"சம்மதம் இல்ல மேடம்."

"என்னல?"

"வேண்டாங்கிறவங்க அவங்கவங்க களையெடுத்துக்கிடட்டும். புதுசா யாருக்கும் ஊன வேண்டாம். வார்ப்பு இருக்கட்டும். ஒருத்தருக்கு அது வேணும்."

"ஒரே ஒரு ஆளுக்காகவா? இது எவ்வளவு கெடுதல உண்டாக்குச்சுன்னு பாத்த பொறவுமா?"

"ஆமா. அது இப்ப அவரு தமிழு."

ஜெபராணி பதிவை நிறுத்தாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கியத்துக்கு வழக்கம்போல 'எனக்கென்ன தெரியும் போங்க' என்று ஒரு வால் வரும் என்று காத்திருந்திருப்பார். வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிப் போனார்கள். நாயகம் சும்மா நின்றான்.